எங்கள் தெருவின் ஒரே பிறந்தநாள்

நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்காலத்திலேயே வந்துவிட்டது. எங்கள் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழிந்தது எந்தக் கிழமை, தெருக்குழாயில் முதன்முதலாகத் தண்ணீர் வந்தது எந்த மாதம் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். பழைய பஞ்சாங்கங்களைக் கூட எறியாமல் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விழுப்புரத்து வாடகை அறையில் உட்கார்ந்து, நான் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

விழுப்புரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் சமூகத் தரவு அறிவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அது என்ன படிப்பு என்று திண்டிவனத்துப் பக்கம் எங்கள் தெருவில் கேட்பார்கள். மக்களிடம் கேட்டு வாங்கிய பதில்களைக் கணினியில் போட்டு, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்ப்பது என்பேன். “அத எட்டிப் பாத்தாலே தெரியுமே” என்பாள் சித்தி; அம்மாவின் தங்கை, எங்கள் தெருவிலேயே எங்கள் வகையறாவிலேயே வாழ்க்கைப்பட்டவள். சேர்ந்தவர்கள் குறைவு என்பதால் எங்கள் வகுப்போடு அந்தப் படிப்பை மூடப்போவதாகக் கல்லூரி அறிவித்திருந்தது. தேறாமல் நின்றால் மறுபடி எழுத இன்னொரு பருவம் கிடையாது. வீட்டில் கல்லூரி வரை வந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அந்தப் பட்டம் வேண்டும்.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் பக்கத்து இளைஞர்கள் வேலைக்கு எங்கே போகிறார்கள் என்பது. வெளியூரில் இருப்பவர்கள் பொங்கலுக்கு வந்திருந்த சமயம் பார்த்து, வகுப்பில் எல்லாரும் தெருத்தெருவாகப் போய்த் தகவல் சேர்த்தோம். சொந்தத் தெருவுக்கு நான் போகக் கூடாது என்று வேறொரு மாணவியை அனுப்பினார்கள். அம்மா அவளுக்கு டீ கொடுத்து, என்னைப் பற்றியும் விலாவாரியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஓர் அற்ப ஆசை. எங்கள் தெருவில் முதுகலை படிப்பவர் எத்தனை பேர் என்று தேடினேன். ஒன்று என்று வர வேண்டும். பூஜ்யம் வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்கிவிடும்படி நிரலில் ஒரு விதி உண்டு. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, தெரு நான்கும் ஒன்றாக இருந்தால் முதலில் வந்தது நிற்கும், பின்னால் வந்தது போகும். எல்லா ஊரிலும் எழுதும் விதிதான். ஆனால் எங்கள் வகையறாவில் மூத்த பையன் எல்லாருக்கும் குலசாமியின் பெயர்தான். அப்பாக்களும் மூத்த பையன்கள் என்பதால் இனிஷியலும் ஒன்று. தெருவில் எங்களைப் பட்டப்பெயரால்தான் பிரித்து அறிவார்கள். ஒருவன் ஒட்டகம், ஒருவன் டீசல். பிறந்த தேதியோ பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்டது. ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணி, அந்த வருடம் சேர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் மே மாதத்து ஒரே தேதியை எழுதிவிட்டார். ஆதாரிலும் அதுதான் ஏறியது. பட்டியலில் சித்தி மகன் வீடு எங்கள் வீட்டுக்கு முன்னால் வருகிறது. அவன் நின்றான், நான் நீக்கப்பட்டேன். என்னோடும் எனக்கு முன்னும் பின்னும் பள்ளியில் சேர்ந்த இன்னும் பலரும்.

திங்கட்கிழமை வழிகாட்டியான மேடத்திடம் போனேன்.

“மேடம், இதுல ரெண்டு பேரு இருக்கோம். ஒருத்தன் நானு.”

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “பேர் இருந்த ஃபைல் இல்லையேப்பா. சுத்தம் பண்ணதும் அழிச்சிடுவோம்னு வீடு வீடா எழுதிக் குடுத்தமே.”

சொன்னபடியே அழித்திருந்தோம்.

“எங்க தெருவுல யார் யார் விட்டுப்போச்சுன்னு எனக்கே தெரியும் மேடம். சேத்துடறேன்.”

“சரி, உன் தெரு. மத்த தெருவுங்க? அங்கயும் சாமி பேரு வெக்கிறாங்க, அங்கயும் ஹெச்.எம். தேதி போட்டிருப்பாரு. அங்க யாரு விட்டுப்போச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியாது.

வீடு வீடாக மறுபடி போய், பெற்றவர்களிடம் உண்மையான பிறந்தநாளைக் கேட்டு வாங்குவது என்று முடிவு செய்தேன். அமாவாசையோ திருவிழாவோ சொன்னால் போதும், பஞ்சாங்கத்தில் தேதியைப் பிடித்துவிடலாம். இருக்கும் காலத்துக்குள் முடியும் என்றுதான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் திண்டிவனம் போய்க் கிளியனூர் பக்கம் பஸ் ஏறினேன். எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கினேன். அம்மாவும் சித்தியும் வாசலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“மாசி மயானக் கொள்ளைக்கு மறுநாளுடா நீ பொறந்தது” என்றாள் அம்மா. “மேல்மலையனூர் போனவங்க எல்லாம் திரும்பி வந்துக்கினு இருந்தாங்க. எனக்கு இடுப்பு வலி.”

“யக்கா, அது என் புள்ள. உனக்கு வலி எடுத்தப்போ நாம ஐப்பசி மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தோம். நான்தான ஆட்டோ கூப்ட ஓடினேன்?”

“உன் புள்ள மழையில பொறந்தாண்டி.”

“எம்புள்ள எப்போ பொறந்தான்னு எனக்குத் தெரியாதா? மல்லாட்டை புடுங்கச் சொன்னதுந்தான் உனக்கு வலி எடுத்துது.”

“மல்லாட்டை புடுங்கினது மொத பொண்ணுக்குடி.”

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்ததை அன்றுதான் கேள்விப்பட்டேன். அவள் எத்தனை நாள் இருந்தாள் என்று கேட்கவில்லை. நாள் குறிப்பவனுக்குக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அம்மா உரித்த பருப்பைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள்.

“இப்ப எதுக்குடா இதெல்லாம்?” சித்திதான் பேச்சை மாற்றினாள். “வாத்தியார் எழுதினது நல்லாத்தான இருக்குது. தெருவுக்கே ஒரு கேக்கு வாங்கினா போதும்.”

“அந்தத் தேதியாலதான் சித்தி கம்ப்யூட்டர்ல நான் இல்லாம போயிட்டேன்.”

“அடப் பேஜாரு புடிச்சவனே, அப்போ வாராவாரம் வந்து இங்க கொட்டிக்கினு போறது யாரு?”

அம்மாவும் சிரித்துவிட்டாள். என் பிறந்தநாள் மட்டும் கிடைக்கவில்லை. மாசியா ஐப்பசியா என்றுகூடத் தீரவில்லை.

அடுத்த தெருக்களில் அதுவும் இல்லை. பொங்கலுக்கு வந்தவர்கள் கம்பெனிகளுக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்டார்கள். பல வீடுகளில் பூட்டு. இருந்தவர்கள், “போன தடவயே எல்லாம் சொன்னமே, ஒன்னும் வரலையே, மறுபடியுமா?” என்றார்கள். சொன்ன தேதிகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சித்திரை பிறந்தபோது நிறுத்திவிட்டேன்.

உள்ளதை வைத்தே எழுதினேன். கடைசி அத்தியாயத்தில் மட்டும், இந்த விதியால் பலர் நீக்கப்பட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் என்று சொல்ல முடியவில்லை என்று ஒரு பத்தி சேர்த்தேன்.

“இத எடுத்துடுப்பா” என்றார் மேடம். “மீதியெல்லாம் நல்லா இருக்கு. பாஸ் ஆயிடுவ.”

எடுத்தும் பார்த்தேன். எடுத்தபின் படித்தால், எங்கள் தெருவில் இளைஞர்கள் வெகு சிலரே என்றும், படிப்பில் யாருக்கும் நாட்டமில்லை என்றும் என் ஆய்வேடு சொன்னது. திரும்பச் சேர்த்தேன். அதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தில் என் பெயரைப் போட்டுக் கொடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் நேராக அந்தப் பத்திக்கே போனார்.

“எத்தனை பேர் விட்டுப்போயிருப்பாங்க?”

“தெரியல சார்.”

“ஏறக்குறைய?”

“தெரியல சார்.”

“இத நம்ப முடியாதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. நான் இனிமே என்ன கேக்கறது?” கோபமில்லாமல்தான் சொன்னார். களப்பணியை மறுபடி செய்து அடுத்த பருவத்தில் சமர்ப்பிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பருவம் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேடம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது செல்போனில் வாழ்த்துச் செய்தி வந்தது. வங்கியிலிருந்து. தலைமையாசிரியர் எழுதிய நாள். இந்நேரம் எங்கள் தெருக்காரர்கள் பலர் போனிலும் இதே செய்தி வந்திருக்கும். சற்றுக் கழித்துச் சித்தி மகன் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கூப்பிட்டான்.

“டேய், நமக்குப் பொறந்தநாளாம்டா!”

“ஆமாண்டா.”

“ரிசல்ட்டு?”

சொன்னேன். அவன் பக்கம் லாரி பின்னால் வரும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினான்.

“எங்க குடோன்ல லோடிங்குக்கு ஆளு எடுக்கறாங்க. ஆதார் மட்டும் எடுத்துக்கினு ஜல்தி வந்துடு. ஒரே பேரு, ஒரே தேதி, சூப்பர்வைசர்தான் மண்டைய பிச்சிக்கினு நிக்கப்போறான்” என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். வைகாசி முதல் வாரத்தில், ஒரு புதன்கிழமை வேலையில் சேர்ந்தேன். எங்கள் தெருவில் முதுகலை படிப்பவர் பூஜ்யம் என்று கணினி சொன்னதில் இப்போது பிழையில்லை.