பின்பாரம்

எங்கள் குடும்பத்தில் குதிரை வாங்கிய ஒரே ஆள் அத்தைதான். அப்பாவின் தங்கை. டெக்சஸில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கோடை விடுமுறையில் பெட்டிகளோடு செகந்திராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாமா எப்போது வருவார் என்று கேட்டேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று அம்மா சொன்னாள். நான் அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். லீவு கிடைக்காதது எனக்கு நன்றாகப் புரிகிற காரணம். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்த அப்பாவுக்கும் அது சுலபத்தில் கிடைத்ததில்லை.

ஊரெங்கும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அத்தைக்கு மாதாப்பூரில் உடனே வேலை கிடைத்தது. முதலில் ஒரு பழைய பிக்கப் வாங்கினாள். பெண்பிள்ளைக்கு எதற்குச் சரக்கு வண்டி என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதே குதிரையும் வாங்கிவிட்டாள். மலக்பேட்டை லாயம் ஒன்றில் நின்ற பெண் குதிரை அது. கால் நரம்பில் அடிபட்டு இனிமேல் பந்தயத்தில் ஓடாது என்று ஒதுக்கப்பட்டது. ஷாமீர்பேட்டைக்கு அப்பால் அவளுடைய ஆபீஸ் சிநேகிதிக்கு நிலம் இருந்தது. அங்கே கொண்டுபோய் விட வேண்டும். அதற்காக பாலாநகர் பட்டறை ஒன்றில் இரண்டு குதிரை நிற்கும்படி ஒரு ட்ரெய்லர் செய்யச் சொன்னாள். டெக்சஸில் பக்கத்துப் பண்ணைக்காரர்களுடைய குதிரைகளை இழுத்துப் போய்ப் பழக்கமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். அப்பா தானாகவே வருகிறேன் என்றது எல்லோருக்கும் ஆச்சரியம். இரும்பைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் கூட இருப்பது நல்லது என்று அம்மா சொன்னாள். நான் அழுது அடம்பிடித்து ஏறிக்கொண்டேன்.

லாயத்தில் அத்தை தரையில் உட்கார்ந்து ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பின்னாலிருந்த இரும்புக் குண்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்தாள். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கத்தரி மாதிரி குறுக்கே மாட்டினாள். விளக்குகள் எரிகின்றனவா என்று என்னைப் பின்னால் நிற்கவைத்துக் கேட்டாள். குதிரையை ட்ரெய்லரின் வலது பாதியில் ஏற்றச் சொன்னாள்.

"கைக்கு மேடம், எதுக்கு? இடது பக்கம்தானே ஏற சௌகரியம்?" என்றார் லாயத்துக்காரர்.

"ரோடு இடது பக்கமாச் சரியும் பாய். கனமும் அந்தப் பக்கம் இருந்தா வண்டி பள்ளத்துக்கு இழுக்கும்."

"ஹவ், சரிதான்," என்று அவர் தலையாட்டினார்.

குதிரை பலகையில் கால் வைக்க மறுத்தது. அத்தை அதன் கழுத்தோரம் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அப்பா இரண்டடி தள்ளி நின்று வண்டியைத் தலை சாய்த்துப் பார்த்தார். தீவன மூட்டைகளையும் தண்ணீர் டிரம்மையும் அத்தை பிக்கப்பில்தான் அடுக்கியிருந்தாள். அதனால் பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியிருந்தது. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. குதிரை ஏறியதும், ஆளை வைத்து மூட்டைகளையும் டிரம்மையும் ட்ரெய்லரின் வால் பக்கம், காலியாக இருந்த பாதியில் கொண்டுபோய் வைத்தார். வண்டி மட்டமாக நின்றது. அவர் திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டார். அத்தை லாயத்துக்காரரிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை.

பிக்கப்பின் முன்னிருக்கையில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். செகந்திராபாத்தைத் தாண்டினோம். ஆல்வாலில் ஆட்டோக்கள் குறைந்ததும் அப்பா ஆரம்பித்தார்.

"நேத்து அவர் போன் பண்ணினாரும்மா."

அத்தை கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"நடந்தது நடந்துபோச்சு, திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போறேங்கறார். தன்மையாத்தான் பேசினார்."

குதிரையின் பழைய சொந்தக்காரரைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் ஒரு நாள்கூட நம்மிடம் இருந்திராத குதிரையை அதற்குள் திருப்பிக் கேட்கிறாரே என்று அந்த முகம் தெரியாத மனிதர்மேல் கோபம் வந்தது.

"அடிச்சதைப் பத்திச் சொன்னாராண்ணே?" என்றாள் அத்தை.

"ஏதோ கோபத்துல ஒரு தடவை..."

"ஒரு தடவைன்னா சொன்னார்?"

அப்பா வெளியே பார்த்தார். லாயத்தில் குதிரையின் விலாவில் வெள்ளைத் தழும்புகளைப் பார்த்திருந்தேன். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"நக்கோ, வேண்டாம் அத்தை, அவளை அனுப்பாதீங்க," என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்பா தாழ்ந்த குரலில், "நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது? கொஞ்சம் அனுசரிச்சுப் போனா எல்லாம் நேராயிடும்," என்றார்.

ஹகீம்பேட்டையைத் தாண்டி ஒரு நீண்ட இறக்கம். எதிரே வந்த லாரி ஒன்று எங்களைக் கடந்தது. அதன் காற்று வண்டியை அறைந்தது. அடுத்த கணம் எங்கள் வண்டியின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். பிறகு மறுபக்கம் இழுத்தார்கள். கண்ணாடியில் ட்ரெய்லர் இடமும் வலமுமாக வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளே குதிரையின் குளம்புகள் தகரத்தில் இடித்தன.

"பிரேக்கைப் போடு!" என்று அப்பா கத்தினார். "போடுங்கறேன்ல!"

"பேசாம இருண்ணே."

அவள் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தாள். ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிடித்துக்கொண்டாள். அவள் மணிக்கட்டில் நரம்பு புடைத்து நின்றது. அப்பா ஒரு கையால் என்னை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மறுகையால் ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போனார். அவள் முழங்கையால் அதைத் தள்ளிவிட்டாள். வேகம் மெதுவாகத் தணிந்தது. ஆட்டமும் தணிந்தது. பிறகுதான் லேசாக பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினாள்.

குதிரை வேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தை பக்கவாட்டுக் கதவு வழியாகக் கையை விட்டு அதன் கழுத்தை வெகுநேரம் தடவினாள். பிறகு பின்னால் போய்ப் பார்த்தாள்.

"இதையெல்லாம் இங்க யாரு வச்சது?"

"நான்தான்," என்றார் அப்பா. "வண்டி மட்டமா நிக்கட்டுமேன்னு..."

அவள் திட்டவில்லை. "பின்பாரம் ஏறினா மூக்கு தூக்கிக்கும். அப்புறம் அது இஷ்டத்துக்கு ஆடும்," என்று மட்டும் சொன்னாள்.

"பிரேக் போட்டிருந்தா?"

"முன்னால இருக்கறது நிக்கும், பின்னால இருக்கறது நிக்காது. நம்மளைத் தள்ளிக்கிட்டு வந்து மடக்கிப் போட்டிருக்கும். மூணு பேரும், அதுவும்."

அப்பா சட்டையின் கையை மடித்துவிட்டார். டிரம்மிலிருந்த தண்ணீரில் குதிரைக்கு ஒரு வாளி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டினார். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி பிக்கப்பில் முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார். அத்தை உதவிக்குப் போனபோது வேண்டாம் என்றார்.

ஷாமீர்பேட்டை வரை அவர் கண்ணாடியில் ட்ரெய்லரையே பார்த்துக்கொண்டு வந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். நிலத்தில் குதிரையைப் பின்பக்கமாக நடத்தி இறக்கினார்கள். அது மண்ணை முகர்ந்தது, படுத்துப் புரண்டது, எழுந்து உடம்பை உதறிக்கொண்டு புல்லைக் கடித்தது. அப்பா வேலிக்கு வெளியே நின்று, குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வீட்டில் போன் அடித்தது. அப்பா எடுத்தார். வெகுநேரம் அந்தப் பக்கம் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க, வர மாட்டா," என்றார் கடைசியில். "நான் கேக்கல. கேக்கவும் போறதில்ல. இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க."

குதிரை நமக்குத்தான் என்று கத்திக்கொண்டே அடுப்படிக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அம்மா மாவுக் கையோடு அப்படியே நின்றாள். என்னைத் திருத்தவில்லை. திரும்பிக் கூடத்துக்கு வந்தபோது அப்பா இன்னும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு வேறொரு கவலை வந்திருந்தது.

"அப்பா, அவர் வேற குதிரை வாங்கினா அதையும் அடிப்பாரா?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிப்பான்," என்றார்.

பெரியவர்கள் யாரையும் அவன், இவன் என்று சொல்லக் கூடாது என்று ஒருமுறை என் காதைத் திருகியவர் அவர். அவரே அப்படிச் சொல்லலாமா என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்கு உறுத்தியது.