சீட்டில் விழுந்த பக்கம்

எனக்கு வாய் நீளம் என்று பள்ளியில் சொல்வார்கள். பெரியம்மா வீட்டில் கேட்டால், அந்தப் பெண்ணுக்கு வாய் இருக்கிறதா என்று யோசிப்பார்கள். இரண்டும் உண்மைதான். அப்பா இறந்த பிறகு அம்மா ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தார். என்னை ஈப்போவை ஒட்டிய லகாட் பக்கத்தில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வீடுகளாகிவிட்ட ஒரு தாமான் குடியிருப்பில், பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்.

அந்த வீட்டில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதை என்றாலே ஜனங்கள் ஒரு கொடுமைக்காரியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கோழிக் குழம்பு வைத்தால் தொடைத் துண்டு எனக்குத்தான் முதலில் வரும். விருந்தாளிக்குத்தானே அப்படி வைப்பார்கள்? பெரியம்மாவின் மகள்கள் இருவரும் ஒரு சட்டைக்காக முடியைப் பிடித்துக்கொள்வார்கள், பெரியம்மா இருவர் முதுகிலும் ஒன்று போடுவார். என்னை ஒருநாள்கூட அடித்ததில்லை. அடித்திருக்கலாம் என்று பலமுறை ஆசைப்பட்டிருக்கிறேன். ஐஸ்பெட்டியைத் திறக்குமுன் யாராவது பார்க்கிறார்களா என்று சற்று நிற்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

விவாதக் குழுவில் சேர்ந்ததற்குத் தமிழ்ப் பற்றுதான் காரணம் என்று எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். சுத்தப் பொய். மேடையில் நமக்கென்று நேரம் ஒதுக்குகிறார்கள். மணி அடிக்கும்வரை நாம் பேசலாம், எதிரே இருப்பவர்கள் எழுந்து டிவி நாடகம் பார்க்கப் போய்விட முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. பயிற்சியை வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது செய்வேன். அந்த இரைச்சலில் நான் கத்துவது முன்கூடத்துக்குக் கேட்காது. இயந்திரம் நின்றால் நானும் வாயை மூடிக்கொள்வேன்.

ஐந்தாம் படிவத்தில், பள்ளியின் கடைசி வருடத்தில், எங்கள் குழு பேராக் மாநிலத்தில் வென்று தேசியப் போட்டிக்குத் தேர்வானது. ஈப்போ டவுனைச் சேர்ந்த தோழிகள் இருவர், மூன்றாவது பேச்சாளராக நான். ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தபோது சொன்னேன்.

"நானும் வாரேன். கேஎல்தானே, பஸ் ஏறுனா வந்துடலாம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு. இங்க கான்ட்ராக்ட் முடியப் போவுது. ஈப்போ பக்கம் கையுறை ஃபேக்டரில ஆள் எடுக்கிறாங்களாம். போதும்லா, வந்துடலாம்னு தோணுது. உன்னைப் பார்த்துட்டு முடிவு பண்ணிக்கிறேன்."

அதன் பிறகு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் தாமானின் கடைசி வரிசையில் பச்சைக் கேட் போட்ட வீடு ஒன்று வாடகைக்குக் காலியாக இருந்தது. பள்ளி விட்டு வரும்போது வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு அந்த வழியாக வருவேன். சமையலறை ஜன்னலுக்கு என்ன திரை போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன்.

போட்டி கோலாலம்பூரில், ஒரு பல்கலைக்கழக மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் சுற்றுகளில் வென்று, மறுநாள் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். விவாதம் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம்: எந்தப் பக்கம் பேசுவது என்பது நம் கையில் இல்லை. தலைப்பை அறிவிப்பார்கள், குழுத்தலைவர் போய்ச் சீட்டு எடுப்பார். ஒட்டிப் பேசு என்று விழுந்தால் தலைப்பு சரி என்று பேச வேண்டும். வெட்டிப் பேசு என்று விழுந்தால் தவறு என்று பேச வேண்டும். நமக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

திரையில் தலைப்பு வந்தது. 'பிழைப்புக்காகப் பெற்றோர் பிரிந்து வாழ்வது பிள்ளைகளைச் சிதைக்கிறது.' எங்களுக்கு வெட்டிப் பேச விழுந்தது. சிதைக்கவில்லை என்று நிறுவ வேண்டும். அம்மா அப்போது இன்னும் வந்து சேரவில்லை. சிரம்பானில் ஜாம் என்று செய்தி அனுப்பியிருந்தார்.

தயாரிப்பு அறையில் தோழிகள் இருவரும் என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார்கள். ஒருத்திதான் கேட்டாள். "ஏய், ஓகேவாடி? உனக்குக் கஷ்டமா இருந்தா நான் மூணாவதா பேசுறேன்."

"எதுக்கு?" என்றேன். "இதுல என்கிட்டதானே பாயிண்ட் இருக்கு."

உண்மையைச் சொன்னால், எனக்குக் கஷ்டமாகவே இல்லை. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கையில் இருப்பதிலேயே பலமான சான்று நான்தான். வேறு யாராவது அதை எடுத்துப் பேசியிருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

மேடையேறியபோது அம்மா வந்திருந்தார். கடைசி வரிசையில், தீபாவளிக்கு எடுத்த ரோஸ் நிறப் பஞ்சாபி உடையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் வாழ்க்கையை எடுத்து அப்படியே திருப்பிப் போட்டேன். விருந்தாளித் தட்டு, 'எனக்கு இரண்டு தாய்' என்று ஆனது. துணி துவைக்கும் இயந்திரம், 'தனிமை எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது' என்று ஆனது. கடைசி மணிக்கு முன்னால் குரலை இறக்கினேன், அந்த வித்தை எனக்கு நன்றாக வரும்.

"என் தாய் அக்கரையில் உழைக்கிறார். நான் சிதைந்தா போனேன்? இதோ, முழுதாக உங்கள் முன் நிற்கிறேன்."

கைத்தட்டல் அடங்க நேரமானது. அவைத்தலைவர் இரண்டு முறை மேசையைத் தட்ட வேண்டியிருந்தது. அம்மா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தட்டினார். நாங்கள் வென்றோம். சிறந்த பேச்சாளர் கோப்பையும் எனக்கே வந்தது.

பிறகு சிற்றுண்டிச் சாலையில் அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து மீ ஹூன் சாப்பிட்டோம். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எவ்வளவு பயந்துகிட்டு இருந்தேன் தெரியுமா? பிள்ளைய விட்டுட்டு வந்துட்டோமே, என்னா ஆவுறாளோன்னு. உன் வாயாலயே கேட்டுட்டேன். கெட்டியாத்தான் இருக்க. இன்னும் ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட் போட்டுடுறேன். நீ மேல படிக்கணும்லா."

தட்டைத் தள்ளி வைத்தேன். "அம்மா, அது சீட்டு. எங்களுக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. வேற பக்கம் விழுந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்."

அம்மா சிரித்தார். "போடி. மனசுல இல்லாததா அப்படி வரும்? உன் டீச்சரே அழுதாங்க."

"நெசமாம்மா. வந்துரு. எனக்கு அங்க பிடிக்கல."

"ஜெயிச்சுட்டு இப்ப செல்லம் கொஞ்சுற," என்று என் கன்னத்தைத் தட்டினார். மண்டபம் நிறைய ஆட்களை நம்பவைத்த எனக்கு, ஒரு பெண்ணை நம்பவைக்க அதற்கு மேல் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அழலாம் என்றால், அன்று நான் அழுதாலும் வென்ற சந்தோஷம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அம்மா தெற்கே பஸ் ஏறினார். நான் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஈப்போ வந்தேன். பெரியம்மா வீட்டில் அன்றும் எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள். பச்சைக் கேட் வீட்டுக்கு யாரோ குடிவந்துவிட்டார்கள்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அம்மா இன்னும் அங்கேதான். இரண்டு வருடம் முடிந்ததும் இன்னும் இரண்டு போட்டார். போன மாதம் காய்ச்சலில் விடுதி அறையில் தனியாகப் படுத்துக்கிடந்தபோது அம்மாவை அழைத்தேன். பசியாறினாயா, மருந்து போட்டாயா என்று கேட்டார். வெட்கத்தை விட்டு, "வந்துரும்மா," என்றேன்.



"எனக்கும் சில நாள் அப்படித்தான் இருக்கும், உன்னைப் பார்க்கணும்னு. அப்ப எல்லாம் நீ ஜெயிச்ச அந்தப் போட்டி வீடியோவ யூடியூப்ல போட்டுக் கேப்பேன். தைரியம் வந்துடும். நீயும் கேளு, இரு," என்றார். அம்மா தன் அறைத் தோழியான பக்கத்துக் கட்டில் அக்காவின் கைப்பேசியை வாங்கி அதில் எதையோ தேடும் சத்தம் கேட்டது. பிறகு நான் பேச ஆரம்பித்தேன், பதினேழு வயதுக் குரலில், திருத்தமாக, எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கி. அம்மா கூடவே முணுமுணுத்தார், அவருக்கு எல்லாம் மனப்பாடம். போர்வையை இழுத்துக்கொண்டு, கைத்தட்டல் முடியும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.