பத்துக்குப் பத்துப் புளியங்கொட்டை

ட்ரெயினிங் என்றாலே எனக்கு இன்றைக்கும் முதுகு வலிக்கிறது. வாத்தியார் வேலையில் சேர்ந்ததிலிருந்து ரிட்டையர் ஆகும்வரை எத்தனை ட்ரெயினிங் போனேன் என்று எண்ணி வைத்ததில்லை. பெரும்பாலும் ஞாபகத்தில் இருப்பது பெஞ்சும் வேர்வையும் ஆறிப்போன உப்புமாவும்தான். ஒன்றை மட்டும் மறக்கப் பார்த்தும் முடியவில்லை. திருப்பதியில் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் தின்றுவிட்ட ட்ரெயினிங் அது. அதை முடித்து வந்த கையோடு ஒரு பெண் குழந்தைக்கு நான் அநியாயம் செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆந்திர எல்லைக்குள், நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் டீச்சராக இருந்தேன். ஒரே ஹால், அதற்குள் ஐந்து வகுப்பு. ஒரு மூலையில் வாய்ப்பாடு, இன்னொரு மூலையில் பாட்டு, நடுவில் யாராவது அழுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர் பேசுவதுகூட எனக்குக் காதில் விழாது. விழுந்தாலும் பதில் சொல்லத் தெம்பு இருக்காது.

கண், காது, கை, கால் சரியில்லாத பிள்ளைகளையும் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும், அதைக் கவனித்துக்கொள்ள எங்கள் பக்கத்துக்கு ஒரு டீச்சரைத் தயார் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

“நீதான் போவணும்மா. பெரிய டீச்சருக்கு முட்டி வலி. இன்னொருத்தரு பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிக்கினு கீறாரு. உனக்கு இன்னா, கைக்கொழந்தையா கீது?”

கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாதவளிடம் கேட்கிற கேள்வியா அது? சுருக்கென்று இருந்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு பெட்டியைக் கட்டினேன்.

நாற்பத்தைந்து நாள். மே மாசத்துத் திருப்பதி எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அண்ணாந்து பார்த்தால் மலை. அத்தனை பேர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து ஏறிப் போகிற மலையின் அடிவாரத்தில், ஃபேன் ஓடாத ஹாலில் நாங்கள் நோட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாடம் முழுக்கத் தெலுங்கில். புரியாமல் இல்லை, எல்லைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெலுங்கு என்ன புதுசா? ஆனாலும் காலையிலிருந்து மாலைவரை புத்தகத் தெலுங்கைக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தால் மண்டை காய்ந்துவிடும். தமிழ் மீடியத்திலிருந்து வந்த நாங்கள் நான்கு பேர் கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொண்டோம்.

காது டெஸ்ட் சொல்லிக் கொடுத்த அம்மா நல்லவர்தான். பிள்ளையின் முன்னால் ஒரு தகர டப்பாவும் பத்துப் புளியங்கொட்டையும் வைக்க வேண்டும். நாம் பின்னால் நின்று சின்ன மேளத்தைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்கிறபோதெல்லாம் பிள்ளை ஒரு கொட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். எத்தனை தட்டு, எத்தனை கொட்டை என்று பார்த்தால் கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

“வெனக நிலபடண்டி அம்மா, வெனக!” என்று பத்து தடவை சொல்லியிருப்பார். பின்னால் நில்லுங்கள், நீங்கள் தட்டுவது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று அர்த்தம். பிள்ளையை வெறும் சுவரைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும், கவனம் சிதறாது என்றும் சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

பழகிப் பார்க்கப் பிள்ளைகள் இல்லை. அதனால் ஒருவரை ஒருவர் டெஸ்ட் செய்துகொண்டோம். நாற்பது வயசு வாத்தியார்கள் புளியங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் ஹாலே சிரித்தது. எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. நாற்பத்தைந்து நாளில் காது கேட்காத பிள்ளை ஒன்றைக்கூட நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. அதை யாரும் அப்போது ஒரு குறையாக நினைக்கவில்லை. எப்போது முடியும், எப்போது ஊர் திரும்பப் புத்தூர் பஸ் ஏறலாம் என்றுதான் இருந்தது.

சர்டிஃபிகேட்டும் ஒரு தகரப் பெட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். பெட்டிக்குள் மேளம், மணி, டப்பா. அன்றிலிருந்து என் பெயர் ஸ்பெஷல் டீச்சர். பழைய வேலை அப்படியே இருந்தது. அதற்கு மேல் சுற்றியிருந்த ஐந்து பள்ளிக்கூடங்களும் என் தலையில் விழுந்தன.

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், காலையில் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்கிறவள். குழந்தைக்கு ஏழு வயசு, எங்களிடமே ஒன்றாம் வகுப்பில் இரண்டாம் வருஷம். நாலைந்து வார்த்தைதான் பேச்சு, அதுவும் குழறலாக வரும்.

“டீச்சர், நீங்க திருப்பதி போயி காது பாக்கப் படிச்சிக்கினு வந்தீங்களாமே? எம் பொண்ணுக்குக் காது மந்தமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். கூப்ட்டா சில நேரம் திரும்புது, சில நேரம் கல்லு மாதிரி கீது. கொஞ்சம் பாருங்க டீச்சர்.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சர்டிஃபிகேட்டின் மடிப்புகூடக் கலையவில்லை, அதற்குள் என்னைத் தேடி ஒரு ஆள். ஹாலுக்குள் இரைச்சல். அதனால் வெளியே கூட்டிப் போனேன். பள்ளிக்கூடத்தின் கிழக்குச் சுவருக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஒரு புள்ளி அழுக்கு இல்லை. வெறும் சுவர் என்று திருப்பதியில் அந்த அம்மா சொன்னாரே, இதைவிட என்ன வேண்டும் என்று அதைப் பார்த்துக் குழந்தையை உட்கார வைத்தேன். கொட்டையை எப்படிப் போடுவது என்று இரண்டு தடவை முன்னால் நின்று தட்டிக் காட்டினேன். பிறகு பின்னால் போய் நின்று கையை ஓங்கி மேளத்தைத் தட்டினேன்.

டக். கொட்டை விழுந்தது. மறுபடி தட்டினேன், மறுபடி விழுந்தது. பத்துத் தட்டுக்கும் பத்துக் கொட்டை.

ரிஜிஸ்டரில் எழுதினேன்: காது நன்றாகக் கேட்கிறது, கவனம் இல்லை. எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? அந்தத் தாயிடம் திரும்பி, “காதுக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் பிடிவாதம். செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க. கொஞ்சம் கண்டிச்சு வளர்க்கணும்” என்று ஒரு பிரசங்கம் செய்தேன். பிள்ளை பெறாத நான், பெற்றவளுக்குச் சொன்ன புத்தி.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். செவுடுன்னா நாளைக்கு எவன் கட்டிக்கினு போவான்னு தூங்காம கெடந்தன்” என்றாள். மறுநாள் ஒரு முறம் பச்சைக் கடலை கொண்டுவந்து கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். குழந்தையின் முழங்காலுக்குக் கீழே அடிக்கடி குச்சியால் அடித்த தழும்பு வரி வரியாக இருக்கும். கேட்டால் அவள் அம்மா, “கேட்டுக்கினே கேக்காத மாதிரி இருக்குது டீச்சர், இன்னா திமிரு பாருங்க” என்பாள். வகுப்பில் நானும் ஸ்கேலால் அடித்தேன். மற்ற டீச்சர்களும் அடித்தார்கள். கேட்கிற பிள்ளை கீழ்ப்படியவில்லை என்றால் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். கேட்கும் என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

பிறகு ஃபாரம் மாறியது. பழைய ஃபாரம் செல்லாது, எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி டெஸ்ட் செய்து புது ஃபாரத்தில் மூன்று காப்பி எழுதிச் சித்தூர் ஜில்லா ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்று கடிதம். படித்ததும் அழுகையே வந்தது. ஆறு ஊர்ப் பிள்ளைகள், வெயில், பஸ், நடை எல்லாம் முதலிலிருந்து. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்துத் தொலைப்போம் என்று ஒரு காலையில் பெட்டியை எடுத்தேன்.

அதே சுவர், அதே டப்பா. அந்தக் குழந்தையின் முறை வந்தது. ஒன்பது வயசு ஆகியிருந்தது, இன்னும் இரண்டாம் வகுப்பு. நாலு தட்டு, நாலு கொட்டை. இதை எதற்கு மறுபடி பார்க்கிறோம் என்று எரிச்சலோடு ஐந்தாவது தட்டுக்குக் கையை ஓங்கினேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஹெட்மாஸ்டர், “டீச்சர்!” என்று கூப்பிட்டார். ஓங்கின கை ஓங்கினபடி நின்றது. தட்டவில்லை.

டக் என்று கொட்டை விழுந்தது.

ஹெட்மாஸ்டர் குரலுக்குப் போட்டதோ என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து, சத்தமில்லாமல் கையை மட்டும் மறுபடி தூக்கினேன். கொட்டை விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினேன். விழுந்தது. அப்போதுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் குழந்தையின் சின்ன நிழல். அதற்கு மேலே, ஓங்கின கையோடு என் நிழல்.

காலை வெயில் என் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. திருப்பதி ஹாலில் வெயில் இல்லை, ட்யூப் லைட். பின்னால் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். சுவரைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். ஆண்டவரே, சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லையே! குழந்தை என்னை ஏமாற்றவில்லை. என் நிழல் கையைத் தூக்கினால் கொட்டை போட வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, சொன்னதைச் சரியாகச் செய்தது. கவனம் இல்லை என்று நான் எழுதின குழந்தை அது.

வேப்பமர நிழலுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்து மேளத்தைத் தட்டினேன். குழந்தை அசையவில்லை. பலமாகத் தட்டினேன். மணியை அடித்தேன். கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது ஆரம்பிப்பார்கள் என்பது போலக் காத்துக்கொண்டிருந்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உட்டுடும்மா. இத இப்போ மாத்தி எழுதினா, நீ பாத்த மத்த பசங்க ரிப்போர்ட்டும் தப்புன்னுதான் சொல்லுவாங்க.”

“தப்பாத்தான் இருக்கும் சார். எல்லாரையும் அந்தந்த ஊர்ல வெயில்லதான உக்கார வெச்சேன்” என்றேன்.

புது ஃபாரத்தில் என் கையெழுத்திலேயே முன்பு எழுதியது தவறு என்று எழுதினேன். மற்ற ஊர்களுக்கும் மறுபடி நடந்தேன், நல்லவேளை இன்னொரு பிள்ளை அப்படி அகப்படவில்லை. சித்தூரில் டாக்டர் மெஷின் வைத்துப் பார்த்து, பிறவியிலேயே காது போய்விட்டது, சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்றார். காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் ஐந்து வயசுப் பிள்ளைகளோடு ஒன்பது வயசில் குழந்தை போய் உட்கார்ந்தது. அதற்கே நான் நாலு தடவை பஸ் ஏறிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்தத் தாயிடம் சொல்ல வேண்டியிருந்தது. டெஸ்ட் செய்த அன்றைக்கே சாயங்காலம் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து செடியிலிருந்து கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“இன்னா டீச்சர், இன்னா பண்ணிட்டா இவ?”

“அவ ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் பண்ணிட்டேன்.”

நிழல், சுவர், கொட்டை எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தூற்றியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ ரெண்டு வருசமா நான் இத எதுக்கு டீச்சர் அடிச்சிக்கினு இருந்தன்?” என்றாள்.

குழந்தை எங்கள் இரண்டு பேர் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் கடலைச் செடிப் பக்கம் போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது. சாயங்கால வெயில் எங்கள் பின்னாலிருந்து நீளமாக விழுந்துகொண்டிருந்தது. அவள் அழுதுகொண்டே மெல்லப் போய், மகளை வாரி அணைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். தூக்கின கையின் நிழல் தரையில் விழுந்ததும், குழந்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துகொண்டது.