ஆயுத பூஜையில் கும்பிட்ட ஜிம்மி

செல்வராஜ் வீட்டு நாய் சாமி கும்பிடுகிறது என்று தெருவே திரண்டு நின்ற அன்று, நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். நான் கால்நடை மருத்துவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஓசூரில் அப்போது, இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில், தொழிற்பேட்டைக் குடியிருப்புகளில் வீட்டுக்கொரு பொமரேனியன் வந்து சேர்ந்திருந்தது. செல்வராஜ் திருநெல்வேலிக்காரர், ஒரு கியர் கம்பெனியில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். வேலையில் மைக்ரான் கணக்கில் பிசகு கண்டுபிடிப்பார். வீட்டில், ஒரு கிலோ மைசூர்பாகில் பாதி எங்கே போனது என்று கேட்க மாட்டார். அது ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்த பெட்டி. முந்தின நாள் மாலையிலிருந்து ஜிம்மிக்கும் அதில் பங்கு போய்க்கொண்டிருந்தது.

காலையில் பைக்குக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். ஜிம்மி முன்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பைக்கின் முன்னால் நின்றது. முழுதாகப் படுக்கவும் இல்லை, எழவும் இல்லை.

"நோடி, நாயி நமஸ்கார மாடுத்தே!" என்றார் எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா, கன்னத்தில் போட்டுக்கொண்டு.

"போன சென்மத்துல பூசாரியா இருந்திருக்கும்" என்றார் செல்வராஜ். அவர் மனைவி பேச்சியம்மாள் நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலை அதன் வாயருகே வைத்தார். பக்தருக்குப் பிரசாதம் தராமல் இருக்க முடியுமா? அது முகத்தைத் திருப்பி உதட்டை நக்கிக்கொண்டது. "விரதம் இருக்கு போல" என்று ஒருவர் விளக்கம் சொன்னார். பேச்சியம்மாள் விடவில்லை, விரலால் கொஞ்சம் ஊட்டிவிட்டார். நான் சுண்டல் தின்றபடி சிரித்தேன். வயிறு வலிக்கிற நாய் அப்படித்தான் நிற்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

மறுநாள் காலை என் கிளினிக் திறக்கும் முன்பே செல்வராஜ் வாசலில் நின்றார். ஜிம்மி துணிபோல அவர் கையில் தொங்கியது.

"ராத்திரி பூரா வாந்தி சார். ஓமத்தண்ணி குடுத்தோம், அதையும் கக்கிட்டு. வயித்தத் தொட்டா முனங்குது. பொழச்சிருமா சார்?"

கணையம் வீங்கியிருந்தது. கொழுப்பு அதிகமான தீனி தின்ற நாய்களுக்கு வருவது, உயிரையும் எடுக்கும். டிரிப் ஏற்றி, வாந்திக்கும் வலிக்கும் ஊசி போட்டேன். "பொழச்சிரும்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நாற்பது பேரை வேலை வாங்குகிற அந்த மனிதர் சத்தமில்லாமல் அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் அது தானாகத் தண்ணீர் குடித்து, குடித்ததை உள்ளே வைத்துக்கொண்டது. கொழுப்பில்லாத வேகவைத்த கோழியும் குழைந்த சாதமும் ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னேன். நெய், இனிப்பு, வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது. சாப்பாட்டை மறுத்தாலோ, எச்சில் ஒழுகினாலோ, முதுகைக் கூனினாலோ, கும்பிட்டாலோ உடனே தூக்கி வரவேண்டும். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அத்தனையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துகூட அன்று புரிகிற மாதிரி வந்தது.

செல்வராஜ் சீட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'கும்பிட்டாலோ' என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"சார், நீங்களும் அங்கனதான நின்னிய?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அன்று எனக்கு லீவு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"ஆமா. நானும் பாத்துட்டு சிரிச்சேன்" என்றேன்.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, ஜிம்மியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், முதலில் அந்த வீட்டு நாய் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்காருவேன்.