சுவருக்கு வெளியே ஒரு குழாய்

சனத்நகரில் எனக்கும் என் மச்சானுக்கும் ஒரு லேத் பட்டறை. அந்தக் கோடையில் பின்தெரு வீடுகளில் தண்ணீர் இல்லை. எங்கள் போர்வெல்லில் இருந்தது. கேட்டுக்கு உள்ளே ஒரு குழாய் போட்டு, மேலே பட்டறைப் பெயரோடு தகர போர்டும் மாட்டினேன். ரிப்பன் வெட்டி போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

மறுவாரம் பின்தெரு மேரி காலிக் குடத்தோடு வந்தார். மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவர்.

“அண்ணா, ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிடறீங்க. நாங்க வேலை விட்டு வரவே ஏழாகுது. உங்க போர்டு எங்களுக்கு நக்கோ, வேணவே வேணாம். அதையா குடிக்க முடியும்?”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எப்போது தண்ணீர் வேண்டும் என்று அந்தத் தெருவில் ஒருவரிடமாவது நான் கேட்டேனா?

அன்றே டிரில்லை எடுத்து காம்பவுண்டுச் சுவரைத் துளைத்தேன்.

“இன்னிக்குக் குழாய் கேப்பாங்க, நாளைக்குப் பட்டறையையே கேப்பாங்க!” என்று மச்சான் கத்தினார்.

“கேக்கட்டும்,” என்றேன்.

குழாய் தெருப்பக்கம் போனது. போர்டைக் கழற்றி, குடம் வைக்க வாகாகக் குழாய்க்குக் கீழே கவிழ்த்துப் போட்டேன். மச்சானுக்கு இன்றுவரை கோபம். இருக்கட்டும். எங்கள் பெயர் இருக்கவேண்டிய இடம் அந்தக் குடங்களுக்கு அடியில்தான்.