அண்ணனின் ரத்தத்தில் வளர்ந்தவை

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் எனக்கு வெளியுலகம் மறந்துவிடும். அன்று சிரிப்பும் வந்தது. இளஞ்சிவப்புத் திரவத்துக்கடியில் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி, தரையில் பதித்த கூழாங்கற்களைப் போலப் பரவிக் கிடந்தன. புதிய ரத்தக்குழாய்களை உண்டாக்கும் மூலச் செல்கள் அவை. இனிப்புநீர் எனும் சர்க்கரை நோயுள்ளவர்களின் ரத்தத்தில் அவை கிடைப்பது அபூர்வம். வளர்ப்புத் தட்டு பெரும்பாலும் காலியாகவே இருக்கும். இந்த ரத்தம் என் அண்ணனுடையது.

அண்ணன் உலு திராமிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அவருடைய கால்விரல் புண் ஆறாமல் கறுத்துப் போயிருந்தது. எங்கள் ஆய்வுக்கு ரத்தம் கேட்டதும் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். செல்கள் வளர்ந்ததும் பெருமை தாங்காமல் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து தினமும் அதே விசாரணைதான்.

"என் பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா பரவியிருக்காங்கண்ணே."

அந்த நாள்களில் கனவிலும் மெல்லிய செந்நிறக் கிளைகள் வந்தன. தட்டின் விளிம்பைத் தாண்டி, மேசை வழியே இறங்கி, மழையில் நனைந்த சாலையோரமாக அண்ணன் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். விழித்த பிறகும் கண்ணைத் திறக்க மனம் வராது.

ஒரு மாலை அண்ணி அழைத்தார். விரலை எடுக்க மருத்துவமனை கொடுத்த நாளில் அண்ணன் போகவே இல்லையாம்.

"தங்கச்சி வளக்குற செல்ல கால்ல வச்சா சரியாயிடும்னு சொல்றாரு லா. புண்ணு மேல ஏறுதும்மா."

அண்ணன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்மேலும்தான். அந்தச் செல்கள் யார் காலுக்கும் போகப்போவதில்லை. அவற்றில் எந்த மரபணு சுறுசுறுப்பாக இயங்குகிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று பார்க்கத்தான் வளர்த்தோம். அதற்குச் செல்களை உடைத்து உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ.வை எடுக்க வேண்டும். உடைத்தபின் செல் என்று எதுவும் மிஞ்சாது.

மறுநாள் காலை செல்களை உடைக்கும் கரைசலைத் தட்டில் ஊற்றினேன். ஒவ்வொன்றாக மங்கி, தட்டு வெறும் தண்ணீராகத் தெளிந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆய்வகத்துக்கு வெளியே வந்து அண்ணனை அழைத்தேன்.

"உடைச்சிட்டேண்ணே. இனி ஒண்ணுமில்ல. அது மருந்தில்ல, படிச்சுப் பாக்க மட்டும்தான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அலமாக், ஐயோ..."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு நீயும் கூட வாம்மா," என்றார். "வெட்டுவாங்கன்னு நெனச்சாலே பயமா இருக்கு."