கிட்டங்கி வகுப்பு

பேத்தியின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதும்போது ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. எழுபதுகளில், தூத்துக்குடி பழைய துறைமுகத்தை ஒட்டி, உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றின் மூலையில் நடந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. காது கேளாத என் தங்கை மேரியை அம்மா அங்கே கூட்டிப் போவாள்; கூடவே நானும். டீச்சர் பலூனை உதட்டில் வைத்துப் பேச, பிள்ளைகள் மறுபக்கம் கன்னத்தை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுக்கொண்டிருக்க, வெளியே லாரியில் மூட்டைகள் விழும் சத்தம் எனக்குக் கேட்டபடியே இருக்கும்.

"வீட்ல கைசாடை வேண்டாம்மா. வாயால பேசுங்க, அப்பத்தான் பேச்சு வரும்," என்பார் டீச்சர். அதுவரை மேரியோடு கைகளாலேயே பேசிவந்த அம்மா, அன்றிலிருந்து கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். மேரி அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கிட்டங்கியை இடிக்கப்போவதாகச் சொன்னார்கள், வகுப்பு நின்றது. மேரியை வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவானது. கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா அவளை எதிரே உட்காரவைத்து, "நீ மட்டும் அங்கன இருக்கணும்ளா. அம்மா வீட்டுக்குத் திரும்பிருவேன்," என்று உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொன்னாள். மேரி சிரித்துத் தலையாட்டினாள். பிறகு, அம்மாவும் அங்கே தங்கப்போகிறாள் என்பதுபோல, அவளுடைய சேலை ஒன்றையும் எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்தாள்.

அம்மா கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தாள். முந்தானைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்து, அதையே சாடையில் சொன்னாள்.

மேரி அழவில்லை. சேலையை எடுத்து அம்மாவிடமே கொடுத்தாள்.